கூக்கூக்கின் காடுகள் அச்சில்: மூன்று பிரதிகளைப் பற்றிய மதிப்புரை

டச்சு நிலக்காட்சி ஓவியர் பாரெண்ட் கோர்னேலிஸ் கூக்கூக் தீட்டிய காட்டுக் காட்சிகளுள் மூன்றின் பிரதிகளை, ஓவியங்களை அச்சிட்டு அனுப்பும் ஒரு நிறுவனத்திடமிருந்து சென்ற ஆண்டு வாங்கினேன். முதலாவது, கோடைக்காலத்து ஓக் மரக்கூட்டத்தின் ஊடாகச் செல்லும் ஒரு மணற்பாதை. இரண்டாவது, மாலை வெயிலில் ஓடையைக் கடக்கும் மாடுகளோடு கூடிய காட்டோரம். மூன்றாவது, பனி மூடிய காட்டுவழி. எந்தப் பரப்பில் இவ்வோவியரின் காடு தன் உயிரை இழக்காமல் நிற்கிறது என்று அறிய விரும்பியதால், முதலாவதைப் பருத்தித் தாளிலும், இரண்டாவதைக் கான்வாஸிலும், மூன்றாவதைப் பரைட்டா என்னும் மென்மினுக்கான தாளிலும் அச்சிடச் சொன்னேன். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் கண்ட குறைகளில் பெரும்பாலானவை இவ்வகை அச்சு வேலையில் எங்கும் நேரக்கூடியவை. ஆகவே வாங்க எண்ணும் எவருக்கும் பயன்படும் வகையில் பொருளைப் பற்றியே பேசுவது நல்லது என்று நினைக்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பருத்தித் தாளில் வந்த ஓக் மரங்கள் எனக்குப் பெரும் ஏமாற்றத்தைத் தந்தன. அதே படம் மறு அச்சாகப் பரைட்டா தாளில் வந்தபோது, வாங்கியதற்காக மகிழ்ந்தேன். கான்வாஸ் பிரதியை எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பனிக்காட்சியின் நிறத்தில் சிறிது பிழை இருக்கிறது. ஆனாலும் அதைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. இம்முடிவுகளுக்கான காரணங்கள் தாளில் பாதியும் ஓவியரின் கைவேலையில் பாதியுமாக இருப்பதால், ஓவியரிடமிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

கூக்கூக் 1803 ஆம் ஆண்டு நெதர்லாந்தின் சேலாந்து மாகாணத்தைச் சேர்ந்த மிடல்பர்க் நகரில் பிறந்தார். அந்தக் குடும்பப் பெயர் டச்சு மொழியில் ஒரு குயிலினப் பறவையின் பெயர். அதன் கூவலிலிருந்தே பிறந்த சொல். காட்டை வரைவதற்கென்றே பிறந்தவருக்கு இப்படியொரு பெயர் அமைந்ததை நான் எப்போதும் வியப்போடு நினைத்துக்கொள்வேன். ஆனால் தந்தை யோஹானஸ் ஹெர்மானஸ் கூக்கூக் கடலையும் கப்பல்களையும் வரைந்தவர். தம்பி ஹெர்மானஸும் அதே வழியில் சென்றார். மகனோ கடலை விட்டு மரத்தின் பக்கம் திரும்பினார். ஆம்ஸ்டர்டாம் அரச கலைக்கழகத்தில் பயின்று, 1829 இல் அந்நகரின் ஃபெலிக்ஸ் மெரிட்டிஸ் சங்கத்தின் தங்கப் பதக்கத்தைப் பெற்று, 1833 இல் தம் ஆசிரியர் டைவாயின் மகள் எலீஸ் தெரேஸை மணந்து, 1834 இல் நெதர்லாந்து எல்லையை ஒட்டியுள்ள ஜெர்மானிய நகரமான கிளேவேயில் குடியேறினார். 1841 இல் அங்கே ஓர் ஓவியக் கல்லூரியைத் தொடங்கினார். அதே ஆண்டில் ஒரு நிலக்காட்சி ஓவியனின் நினைவுகளாகத் தம் நூலையும் வெளியிட்டார். 1859 இல் நேர்ந்த பக்கவாதம் அவருடைய தூரிகையை நிறுத்தியது. 1862 ஏப்ரலில் கிளேவேயிலேயே மறைந்தார்.

கடல்மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும் தட்டையான டச்சு நிலத்தைச் சேர்ந்தவர் கிளேவேயைத் தேர்ந்ததற்குக் காரணம் மண்ணிலேயே இருக்கிறது. அங்கே நிலம் மேடு பள்ளமாக எழுகிறது. மேட்டிலிருந்து பார்த்தால் ரைன் ஆற்றின் அகன்ற சமவெளி தெரிகிறது. நகருக்குத் தென்மேற்கே ரைக்ஸ்வால்ட் என்னும் பெருங்காடு தொடங்குகிறது. பதினேழாம் நூற்றாண்டில் அவ்வூரின் ஆளுநராக இருந்த நாசோ-சீகன் இளவரசர் யோஹான் மௌரிட்ஸ், பூங்காக்களையும் மரவரிசைச் சாலைகளையும் ஏற்கெனவே அமைத்து வைத்திருந்தார். ஆகவே காட்டு மரமும் மனிதர் நட்டு வளர்த்த முதுமரமும் அருகருகே கிடைத்த ஊர் அது. கூக்கூக் அங்கே தமக்கென்று ஒரு மாளிகையைக் கட்டிக்கொண்டார். தோட்டத்தின் மேட்டில் 1843 இல் எழுப்பிய கோபுரம் அவருடைய ஓவியக்கூடமாக இருந்தது. இரண்டாம் உலகப்போரில் 1944 அக்டோபரிலும் 1945 பிப்ரவரியிலும் விழுந்த குண்டுகளால் கிளேவே பெரும்பகுதி அழிந்தபோதும் அந்த மாளிகை தப்பியது. இன்று அது அவருக்கும் அவருடைய மாணவர்களுக்கும் உரிய அருங்காட்சியகமாக விளங்குகிறது. அச்சை மட்டும் பார்த்து எழுதப்பட்ட மதிப்புரை அன்று இது என்பதற்காகச் சொல்கிறேன்: அவருடைய மூலப் படங்கள் சிலவற்றின் முன் நீண்ட நேரம் நின்றிருக்கிறேன். என் ஒப்பீடு முழுவதும் அந்த நினைவிலிருந்தே பிறக்கிறது.

அப்படி நின்றபோது எனக்கு முதலில் புலப்பட்டது இருட்டுதான். அச்சட்டைகளிலும் திரையிலும் இவருடைய காடுகளைப் பார்ப்பவர்கள் பொன்னிற ஒளியையே முதலில் காண்பார்கள். மூலத்தின் முன் நிற்பவருக்கோ இருட்டு ஆழமாகத் திறந்துகொள்கிறது. ஓக் மரத்தின் அடியில் உள்ள நிழல் வெறும் கறுப்பாக இல்லை. பழுப்பின் மேல் பச்சையும், பச்சையின் மேல் மீண்டும் பழுப்புமாக, ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, உற்றுப் பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாக விலகுகின்றன. முதலில் ஒரு வேர் தெரியும். பிறகு வேருக்குப் பின்னால் ஒரு பள்ளம். பள்ளத்தில் உதிர்ந்த சருகு. அதற்கும் அப்பால் யாரோ ஒருவர் விறகு சுமந்து போகிறார். வெளிச்சம் படும் இடங்களில் மட்டும் வண்ணம் சற்றுக் கனத்து எழுந்து நிற்கும்: பட்டையின் விளிம்பில், பாசியின் மேல், கிளை முறிந்த வெண்மையான காயத்தில். நிழலை மெல்லிதாகவும் ஒளியைக் கனமாகவும் இடுவது பழைய எண்ணெய் வண்ண மரபுதான். இவரோ அந்த மரபை ஒரு மரத்தின் வயதைச் சொல்லும் அளவுக்குக் கொண்டுசென்றுவிட்டார்.

பதினேழாம் நூற்றாண்டின் யாக்கோப் ஃபான் ரைஸ்டாலையும் மெய்ந்தர்ட் ஹொப்பெமாவையும் இவர் ஆழ்ந்து கற்றவர் என்பது படங்களிலேயே தெரிகிறது. ரைஸ்டாலின் மரங்களில் ஒரு துயரக் கனம் இருக்கும். கூக்கூக்கின் மரங்கள் முதுமையிலும் செழிப்பானவை. சிலருக்கு அந்தச் செழிப்பு மிகையாகப் படுகிறது. ஒவ்வோர் இலையும் துல்லியமாக வரையப்பட்டிருப்பதால் இவை இயற்கையைப் பார்த்து அப்படியே எழுதியவை என்று எண்ணுவோரும் உண்டு. வெளியே சென்று மரங்களையும் பாறைகளையும் வானத்தையும் தனித்தனியே தீட்டிப் படித்துக்கொண்ட பிறகு, முழுப் படத்தையும் அவர் ஓவியக்கூடத்தில்தான் அமைத்தார். ஆகவே அந்தக் காட்டை எந்த ஊரிலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அதில் உள்ள ஒவ்வொரு மரத்தையும் அவர் எங்கோ பார்த்திருக்கிறார். இந்த வேறுபாடு அச்சுக்கு மிக முக்கியமானது. அமைத்து எழுதிய படத்தில் ஓரத்து இருளுக்கும் நடுவிலுள்ள ஒளிக்கும் தொலைவிலுள்ள நீலத்திற்கும் இடையிலான விகிதம்தான் படத்தைத் தாங்கி நிற்கிறது. விகிதம் கலைந்தால் இலைகள் எல்லாம் இருந்தும் காடு இல்லாமல் போகும்.

நம் கவிதை மரபில் நிலத்தைச் சொல்லும்போது பொழுதையும் சேர்த்தே சொல்வது வழக்கம். முல்லை என்றால் காடு மட்டும் அன்று. மாலையும், மேய்ச்சல் முடிந்து திரும்பும் ஆநிரையும், வருகைக்குக் காத்திருக்கும் மனமும் அந்தச் சொல்லுக்குள் உடன் வந்து சேர்கின்றன. கூக்கூக்கின் காடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த முறை நினைவுக்கு வருகிறது. அவற்றிலும் பெரும்பாலும் சாயும் பொழுது. மாடுகளோடு வீடு திரும்பும் மேய்ப்பர், சுமையோடு நடக்கும் பெண், ஓய்வெடுக்கும் வழிப்போக்கர் என்று விரற்கடை உயரமுள்ள மனிதர்கள். மரத்தின் பேருருவுக்கு அளவுகோலாக மட்டும் அவர்கள் வைக்கப்படவில்லை. இருட்டுவதற்குள் வீட்டை அடைய வேண்டும் என்ற நினைப்பு அவர்களுடைய நடையில் தெரிகிறது. அந்தச் சிறிய மனிதர்கள் அச்சில் காணாமற்போனால் எனக்குப் படமே காணாமற்போனதுபோல் ஆகிவிடுகிறது. முதற்பிரதியில் நேர்ந்தது சரியாக அதுதான்.

பருத்தித் தாளில் வந்த முதற்பிரதியைப் பார்த்தவுடன் தாளின் தரத்தைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. தடித்த, அமிலமற்ற, கைக்கு இதமான தாள். நிறமி மையால் அச்சிடப்பட்டது. பல ஆண்டுகள் நிறம் மங்காமல் இருக்கக்கூடியது. வானமும் தொலைதூரமும் அழகாகவே இருந்தன. ஆனால் படத்தின் இடப்புறத்து மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஓக் மரங்களின் நிழல் முழுவதும், சாம்பல் படிந்த ஒரே திட்டாகத் தட்டையாகி இருந்தது. பாதையோரத்தில் விறகுக்கட்டோடு நிற்கும் பெண் அந்தத் திட்டுக்குள் கரைந்துவிட்டாள். நிறுவனத்தார் பிழை செய்துவிட்டார்கள் என்றே முதலில் நினைத்தேன். சில நாட்கள் கழித்துப் பரைட்டா தாளில் வந்த பனிக்காட்சியை அதன் அருகில் வைத்துப் பார்த்த பிறகுதான் காரணம் விளங்கியது. பனிக்காட்சியின் மரத்தண்டுகளில் கறுப்பு கிணற்றைப்போல் ஆழமாக இருந்தது.

பருத்தித் தாளின் பளபளப்பற்ற மேற்பரப்பு நுண்ணிய மேடு பள்ளங்களால் ஆனது. அதன்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பகுதி எல்லாத் திசைகளிலும் சிதறிக் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. அதனால் அந்தத் தாள் காட்டக்கூடிய மிக ஆழமான கறுப்பும் ஒரு கரும் சாம்பல்தான். நீர்வண்ண ஓவியத்திற்கும் கோட்டுச் சித்திரத்திற்கும் அது குறையே அன்று. அவற்றின் மூலமும் அப்படிப்பட்ட தாளில்தான் பிறந்தது. வார்னிஷ் பூசிய எண்ணெய் வண்ணப் படமோ வேறு வகை. வார்னிஷ் மேற்பரப்பைச் சமன்செய்து, ஒளியை உள்ளே இறங்க விடுகிறது. ஈரமான கூழாங்கல்லின் நிறம் உலர்ந்த கல்லின் நிறத்தைவிட ஆழ்ந்து தெரிவதும் இதே காரணத்தால்தான். பரைட்டா தாளில் பேரியம் சல்ஃபேட் படலமும் அதன்மேல் மென்மினுக்கான பூச்சும் இருப்பதால், அது ஈரக் கல்லின் பக்கம் நிற்கிறது. படத்தின் பாதி நிழலாக இருக்கும் ஓவியருக்கு எந்தத் தாள் வேண்டும் என்பதில் இனி எனக்கு ஐயமில்லை.

நிறுவனத்திற்கு இதை விளக்கி எழுதினேன். அவர்களுடைய முதல் பதில் பொதுவானதாக இருந்தது: திரையின் நிறமும் தாளின் நிறமும் சற்றே வேறுபடுவது இயல்பு என்றார்கள். உண்மைதான், ஆனால் என் கேள்வி நிறத்தைப் பற்றியது அன்று. நிழற்பகுதியை மட்டும் அருகிலிருந்து படமெடுத்து, அதன் அருகே மூலப் படக்கோப்பின் அதே பகுதியை வைத்து மீண்டும் அனுப்பியபோது, அச்சுப் பணியைப் பார்க்கும் ஒருவரே நேரடியாகப் பதில் எழுதினார். அந்தத் தாளில் நிறங்கள் எப்படி விழும் என்பதைச் சொல்லும் நிற விவரக்கோப்பைப் பயன்படுத்தி அச்சுக்கு முன் திரையில் சோதித்துப் பார்க்கும் வேலை என் ஆணையில் விடுபட்டுவிட்டதாக ஒப்புக்கொண்டு, பரைட்டா தாளில் மறு அச்சு தருவதாகவும், அதற்கு முன் நிழற்பகுதியின் ஒரு சிறு துண்டை மட்டும் மாதிரியாக அச்சிட்டு அனுப்புவதாகவும் சொன்னார். சொன்னபடியே உள்ளங்கை அகலத்தில் மாதிரித் துண்டு வந்தது. அதில் அந்தப் பெண் இருந்தாள்; அவளுடைய முக்காட்டின் சிவப்புகூடத் தெரிந்தது. இந்தச் சேவைக்காக அவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். எவரிடம் வாங்கினாலும், முழு அச்சுக்கு முன் இப்படி ஒரு மாதிரித் துண்டைக் கேட்டுப் பெறுங்கள்; அந்தத் துண்டைப் படத்தின் வெளிச்சமான பகுதியிலிருந்து எடுக்காமல், மிக இருண்ட பகுதியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

மறு அச்சிலும் ஒன்றைத் திருத்தச் சொல்ல வேண்டியிருந்தது. அவர்களிடம் ஆயத்தமாக உள்ள சட்டங்களின் அளவுக்குப் பொருந்துவதற்காகப் படத்தின் இருபுறமும் சிறிதளவு வெட்டப்பட்டிருந்தது. இரண்டு செண்டிமீட்டர்தானே என்று விடக்கூடிய இழப்பு அன்று இது. கூக்கூக் ஓரத்தில் ஒரு கரிய மரத்தையோ மேட்டையோ திரைச்சீலைபோல் நிறுத்தி, அங்கிருந்து கண்ணை நடுவிலுள்ள வெளிச்சத்திற்குள் அனுப்புவார். அந்த ஓரத்தை வெட்டினால் வாசற்காலை அகற்றிய வீட்டைப் போல, உள்ளே நுழைகிறோம் என்ற உணர்வே இல்லாமற்போகிறது. மேலும் அவருடைய கையொப்பமும் ஆண்டும் பெரும்பாலும் கீழ் மூலைகளில் ஒன்றில்தான் இருக்கும். என் முதற்பிரதியில் கையொப்பத்தின் முதல் இரண்டு எழுத்துகள் வெட்டுப்பட்டிருந்தன. மூலத்தின் விகிதத்தை அப்படியே காத்து, சுற்றிலும் வெள்ளை விளிம்பு விட்டு அச்சிடச் சொல்வதுதான் வழி. சட்டம் அதற்கேற்பத் தனியாகச் செய்யப்பட வேண்டியிருக்கும்.

கான்வாஸ் பிரதியைப் பற்றிக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. எண்ணெய் வண்ணப் படம் என்றால் துணியில் இருந்தால்தான் மூலத்தைப் போல் தோன்றும் என்ற எண்ணத்தில் இதைத் தேர்ந்தேன். மேலும், தூரிகைத் தடம் தெரிய வேண்டும் என்பதற்காக அச்சின்மேல் ஒளிபுகும் பசையைக் கையால் தீட்டித் தரும் சேவையையும் சேர்த்துக் கேட்டேன். இரண்டும் தவறான முடிவுகள். கூக்கூக் துணியில் மட்டுமின்றி வழவழப்பான மரப்பலகையிலும் நிறையத் தீட்டியவர். துணியில் தீட்டியபோதும் அடிப்பூச்சைச் சமன்செய்து, நெசவின் முடிச்சுகள் தெரியாதபடி செய்தவர். அவருடைய பரப்பு கண்ணுக்குத் தடையில்லாத பரப்பு. அச்சிடுவதற்கென்று விற்கப்படும் கான்வாஸின் நெசவோ அவருடைய ஓர் இலையைவிடப் பெரியது. ஓடையைக் கடக்கும் மாடுகளில் கடைசி மாட்டின் கொம்பு இரண்டு நூல் முடிச்சுகளுக்கு இடையில் மறைந்துவிட்டது. மேலே தீட்டப்பட்ட பசையின் தடங்கள் அகன்ற பட்டைகளாக, இலைக்கொத்தின் குறுக்கேயும் வானத்தின் குறுக்கேயும் ஒரே விதமாக ஓடுகின்றன. பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்போது அந்தப் பட்டைகளே படமாகத் தெரிகின்றன. வண்ணத்தைத் தடிப்பாக அள்ளி இடும் பிற்கால ஓவியர்களுக்கு இந்தச் சேவை ஒருவேளை பொருந்தலாம். இவருக்குப் பொருந்தாது. தாள் அச்சைவிட ஏறக்குறைய இரு மடங்கு விலை கொடுத்தும், மூன்றனுள் மூலத்திலிருந்து மிகத் தொலைவில் நிற்பது இதுவே.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவருடைய படங்கள் காப்புரிமைக் காலத்தை எப்போதோ கடந்தவை. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் போன்ற காட்சியகங்கள் தம் தொகுப்பின் உயர்தரப் படக்கோப்புகளை எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி திறந்து வைத்திருக்கின்றன. எனவே நிறுவனத்தின் பட்டியலில் உள்ள கோப்பைவிட நல்ல கோப்பை நாமே கொடுக்க முடிகிற நிலையும் உண்டு. அகலவாட்டில் 6,000 பிக்சல் உள்ள ஒரு கோப்பை 50 செ.மீ. அகலத்தில் அச்சிட்டால் அங்குலத்திற்கு ஏறக்குறைய 305 பிக்சல் கிடைக்கிறது. அதையே 90 செ.மீ. ஆக்கினால் 169 ஆகக் குறைகிறது. பெரிய படத்தைத் தள்ளி நின்று பார்ப்போம், அதனால் குறைந்த அடர்த்தி போதும் என்பது அச்சுத் துறையில் வழக்கமான கணக்கு. கூக்கூக்கைத் தள்ளி நின்று பார்க்க எவராலும் முடிவதில்லை. முதலில் நான்கடி தொலைவில் நிற்கிறோம். பிறகு மனிதர்களைத் தேடி ஓரடியாக நெருங்கிவிடுகிறோம். நெருங்கும்போது இலைகள் இலைகளாக இருக்க வேண்டும். சதுரங்களாகச் சிதறக் கூடாது. என் கான்வாஸ் பிரதி 90 செ.மீ. அகலம். அதன் தோல்வியில் துணிக்கு ஒரு பங்கு என்றால், என் பேராசைக்கும் ஒரு பங்கு உண்டு. இவருக்கு 50 முதல் 60 செ.மீ. வரை போதும்.

வாங்குவதற்கு முன் பெயரை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்க வேண்டும் என்பதையும் பட்டறிவிலிருந்து சொல்கிறேன். கூக்கூக் குடும்பத்தில் நான்கு தலைமுறைகளாக ஓவியர்கள் இருந்தார்கள்; தம்பி மரினஸ் அட்ரியானஸும் மரங்களை வரைந்தவர். நிறுவனத்தின் பட்டியலில் எல்லாக் கூக்கூக்குகளும் ஒரே பெயரின்கீழ்க் கிடந்தார்கள். கப்பல் படங்களுக்கு நடுவே காடுகள் இருந்தன. கிளேவேயில் அவரிடம் பயின்ற யோஹான் பெர்ன்ஹார்ட் கிளோம்பெக்கின் காடுகளும் ஆசிரியருடையவற்றுக்கு மிக நெருக்கமானவை. கிளோம்பெக்கின் சில படங்களில் கால்நடைகளை மட்டும் பெல்ஜியத்தின் விலங்கு ஓவியர் யூஜீன் ஃபெர்பூக்ஹோவன் தீட்டியிருக்கிறார். மாணவரின் படம் வேண்டும் என்று வாங்கினால் அதில் ஒரு குறையும் இல்லை. ஆசிரியருடையது என்று நம்பி வாங்கக் கூடாது, அவ்வளவே. தம் பெயரைக் காப்பதில் அவரே எவ்வளவு கவனமாக இருந்தார் என்பதற்குப் பல மூலப் படங்களின் பின்புறத்தில் அவர் கைப்பட எழுதி ஒட்டிய சான்றும், அரக்கு முத்திரையும் சாட்சியாக இருக்கின்றன. படங்களின் தலைப்புகளை மட்டும் நம்பியும் பயனில்லை. மரங்களடர்ந்த நிலக்காட்சி, வழிப்போக்கர்களோடு காட்டுவழி என்று ஒன்றைப்போல் மற்றொன்றாக அவை இருக்கும். தீட்டிய ஆண்டு, இருக்கும் காட்சியகம், அங்குள்ள பதிவெண் ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு ஆணையிடுவதே பாதுகாப்பு.

பனிக்காட்சியைப் பற்றி நீட்டிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. கறுப்பு ஆழமாக வந்திருக்கிறது. இலையுதிர்ந்த கிளைகளின் நுனி வரை கோடுகள் உடையாமல் இருக்கின்றன. நிறத்தைத் தானாகச் செறிவூட்டும் ஒரு மென்பொருள் வழியாகக் கோப்பு சென்றிருக்க வேண்டும். சாயும் கதிரின் மங்கிய மஞ்சள், பனியின்மேல் இளஞ்சிவப்பாக மாறியிருக்கிறது. மூலங்களில் பனி வெறும் வெள்ளையாக இருப்பதில்லை, நிழலில் நீலமும் வெயிலில் வெண்ணெய் நிறமும் கலந்தே இருக்கும்; ஆனால் இந்த இளஞ்சிவப்பு அவருடையது அன்று. நிறத்தைத் தொடாமல் அச்சிடவும் என்று ஆணையில் ஒரு வரி எழுதியிருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம். மறு அச்சுக்குக் கேட்கும் காலக்கெடு கடந்த பிறகே எனக்கு இது தெளிவானது. ஆகவே பகல் வெளிச்சத்தில் பார்த்து மூன்று நாட்களுக்குள் முடிவு செய்துவிடுவது நல்லது.

சட்டமிடும்போது கண்ணாடியைப் பற்றிக் கவனம் தேவை. சாதாரணக் கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 8 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. வெளிறிய படத்தில் அது தெரியாது. நிழல் நிறைந்த காட்டுக்கு முன்னால் அது முகம் பார்க்கும் கண்ணாடியாகவே ஆகிவிடும், நம் முகமும் சன்னலும்தான் தெரியும். எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சுள்ள கண்ணாடி 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவே திருப்பி அனுப்புகிறது. விலை கூடுதல்தான். நல்ல தாளுக்குப் பணம் கொடுத்துவிட்டுக் கண்ணாடியில் மிச்சம் பிடிப்பது, வாங்கிய கறுப்பின் ஆழத்தைத் திரும்ப விற்றுவிடுவதற்குச் சமம். தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையே அமிலமற்ற அட்டையைச் சட்டமாக வெட்டி வைக்கச் சொன்னேன். வெண்மையான அட்டைக்கு நடுவில் காடு இன்னும் இருண்டு தோன்றியதால், பழுப்பு கலந்த சாம்பல் நிறத்துக்கு மாற்றிக்கொண்டேன். உறையிட்ட முறையிலும் குறையில்லை: கெட்டியான குழாயில் மெல்லிய தாள் சுற்றி, முனைகள் நசுங்காதபடி வந்தன. வந்தவுடன் தாளை விரித்து, மேலே சுத்தமான அட்டையும் எடையும் வைத்து இரண்டு நாட்கள் விட்ட பிறகே சட்டமிடக் கொடுத்தேன்.

ஓக் மரங்களின் மறு அச்சு இப்போது என் எழுத்து மேசைக்கு எதிர்ச்சுவரில், சன்னலுக்குப் பக்கவாட்டில் தொங்குகிறது. காலை வெளிச்சத்தில் பாதையும் வானமும் மட்டும் தெரியும். விளக்கேற்றும் நேரத்தில் நிழல் திறக்கிறது. நேற்று மாலை, இத்தனை மாதங்களில் முதன்முறையாக, விறகு சுமக்கும் பெண்ணுக்குப் பின்னால் ஒரு நாய் வருவதைக் கண்டேன்.